இரவல் நாட்காட்டி

சீனப் புத்தாண்டு நெருங்கினால் ஜொகூர் பாரு நர்சரிகளில் நடக்க இடம் இருக்காது. ஒரு பக்கம் தங்கக் காசுகளைத் தொங்கவிட்டதுபோல் காய்த்த குட்டி ஆரஞ்சுச் செடிகள்; இன்னொரு பக்கம் சாமந்தி. நடுவில், எண்ணெய் தடவித் துடைத்ததுபோல் பளபளக்கும் கரும்பச்சை இலைகளோடு, ரோஜாவோ என்று ஒரு கணம் ஏமாற்றும் பூக்களோடு கமெலியாத் தொட்டிகள். சீனாவிலிருந்து கப்பலேறி வந்தவை.

பக்கத்து வீட்டு அக்கா அப்படி ஒரு தொட்டி வாங்கினார். மூன்று வாரம் பூத்துத் தள்ளியது. பிறகு ஓய்ந்தது. ஆனால் செடி வாடவில்லை. தளிர்விட்டது, உயர்ந்தது, ஆகஸ்டில் கிளை நுனிகளில் பட்டாணி அளவில் மொட்டும் வைத்தது. "பார்த்தீங்களா தம்பி, தீபாவளிக்குள்ள பூத்துரும்" என்று வேலிக்கு மேலாகச் சொன்னார். தீபாவளிக்கு முந்தின வாரம் அந்த மொட்டுகள் ஒவ்வொன்றாகப் பழுப்பேறி, விரல் பட்டதும் கழன்று விழுந்தன. "தண்ணி அதிகமா ஊத்திட்டேனா, இல்ல யார் கண்ணாவது பட்டுருச்சா?"

தண்ணீரும் கண்ணும் இரண்டுமே நிரபராதிகள். பூத்துக்கொண்டே வந்த செடி, ஆரோக்கியமாக வளர்ந்த செடி, மொட்டும் வைத்த செடி ஏன் மலர மட்டும் மறுக்கிறது?

தேயிலையின் உடன்பிறப்பு

கமெலியா என்ற பெயர் அந்நியமாகத் தெரிந்தாலும் செடி நமக்கு அந்நியமில்லை. நாம் காலையில் குடிக்கும் தேநீர் ஒரு கமெலியாவின் இலைதான். தேயிலையின் அறிவியல் பெயர் கமெலியா சினென்சிஸ். பூத்தொட்டியில் வருவது பெரும்பாலும் கமெலியா ஜப்பானிகா அல்லது அதன் வழிவந்த கலப்பினம். தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள், கவாத்துக்குத் தப்பிய செடியில் மஞ்சள் மகரந்தக் கொத்தோடு சின்ன வெள்ளைப் பூ மலர்ந்திருப்பதைப் பார்த்திருப்பார்கள். அதையே பல மடங்கு ஊதிப் பெரிதாக்கி, சிவப்போ இளஞ்சிவப்போ பூசி, இதழ்களை அடுக்கடுக்காக வைத்தால் கமெலியா.

பெயர் வந்த கதை கொஞ்சம் வேடிக்கை. செக் நாட்டு பிர்னோ நகரில் பிறந்து, மணிலாவில் மருந்துக்கடை நடத்தி, அங்கேயே 1706-ல் இறந்த கேமல் என்ற ஏசு சபைத் துறவியின் நினைவாகத் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்தப் பெயரை வைத்தார். அதே லின்னேயஸ் 1753-ல் தேயிலையையும் கமெலியாவையும் வேறு வேறு பேரினங்களாகப் பிரித்தும் வைத்தார். பின்னால் வந்தவர்கள்தான் இரண்டையும் ஒரே வீட்டில் சேர்த்தார்கள்.

தேயிலையிடம் நமக்கு வேண்டியது இலை. கமெலியாவிடம் நாம் கேட்பது பூ. இலை கேட்டால் வெப்பநாடு தாராளமாகத் தரும். மலேசியாவின் போ நிறுவனம் கேமரன் மலையில் மட்டுமல்லாமல் சிலாங்கூரின் புக்கிட் சீடிங்கில், கிட்டத்தட்ட கடல்மட்டத்துத் தாழ்நிலத்திலும் தேயிலை பயிரிட்டிருக்கிறது. பூ கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது.

மொட்டு வைப்பது ஒரு வேலை, மலர்வது வேறு வேலை

செம்பருத்திக்கு மொட்டு வைப்பதும் மலர்வதும் ஒரே ஓட்டம். வைத்த மொட்டு நேரே வளர்ந்து பூவாகிவிடும், நடுவில் யாரையும் கேட்காது. கமெலியா ஜப்பானிகா அப்படியில்லை. அதன் பூ இரண்டு கட்டமாக உருவாகிறது. இரண்டுக்கும் வேண்டிய வானிலை நேரெதிரானது.

இதைச் சோதித்துக் காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்கத் தாவரவியலாளர் ஜேம்ஸ் பானர். 1947-ல் அவர் வெளியிட்ட முடிவின் சாரம் இது: கிளை நுனியில் இலைமொட்டா பூமொட்டா என்ற முடிவு எடுக்கப்படுவது வெப்பமான, பகல் நீண்ட நாட்களில். அப்படிப் பிறந்த பூமொட்டு முழுதாகத் திறப்பதற்கோ குளிர்ந்த நாட்கள் வேண்டும். நடுவில் மொட்டு ஓர் அரைத் தூக்கத்தில் கிடக்கிறது. இதை 'மொட்டுறக்கம்' என்று சொல்வோம். வெளியே பார்த்தால் வளர்ச்சி நின்றதுபோல் இருக்கும். உள்ளே இதழ்களும் மகரந்தத் தாள்களும் சிறுவடிவில் தயாராக மடிந்திருக்கும். திறக்க வேண்டிய நேரத்தை அறிவிக்கும் மணி, குளிர்.

செடி ஏன் இத்தனை சிக்கல் பண்ணிக்கொள்கிறது என்று தோன்றலாம். ஜப்பானிலோ தென்சீனாவிலோ கோடையில் வைத்த மொட்டு இலையுதிர்காலத்திலேயே அவசரப்பட்டு மலர்ந்தால், அடுத்து வரும் கடுங்குளிரில் காயும் விதையும் கருகிவிடும். குளிர் வந்து போவதை எண்ணிப் பார்த்துவிட்டுத் திறக்கும் மொட்டுக்குத்தான் பிள்ளைகள் பிழைத்தன. இலட்சக்கணக்கான ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை செடியின் உடம்பிலேயே பதிந்துவிட்டது. கமெலியாவுக்குள் ஒரு நாட்காட்டி இருக்கிறது என்பேன். அதில் கிழிக்க வேண்டிய தாள்கள் வெப்பமும் குளிரும்.

இப்போது அக்காவின் தொட்டி விளங்கும். அது போன கோடையில் சீனாவில் மொட்டு வைத்து, நவம்பர், டிசம்பர் குளிரையும் அங்கேயே வாங்கிக்கொண்டு, திறக்கத் தயாரான நிலையில் நம் ஊருக்கு வந்தது. ஜனவரியில் ஜொகூரில் பூத்தது சீனத்துக் குளிரின் பலன். ஆகஸ்டில் வைத்த மொட்டோ முழுக்க முழுக்க ஜொகூர் மொட்டு. அது குளிருக்காகக் காத்திருந்தது. காத்திருக்கும்போதே புதுத் தளிர்கள் கிளம்பி உணவை இழுத்துக்கொண்டன. சூடான இரவுகளில் செடியின் சுவாசம் பகலில் சேர்த்த சர்க்கரையில் ஒரு பங்கை எரித்தது. கடைசியில் காம்பின் அடியில் ஒரு மெல்லிய பிரிவுப் படலம் உருவாகி மொட்டைக் கழற்றிவிட்டது. செலவைத் தாங்க முடியாத வீடு ஆளைக் குறைப்பதுபோலத்தான்.

ஒரு தொட்டியின் கணக்கு

இதைப் பென்சில் எடுத்துக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். பெருக்கல், கழித்தலுக்கு மேல் எதுவும் தேவையில்லை.

முதலில் பகல். ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகை வடக்கே இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 10 நிமிடம். ஒரு குவளை தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும் வித்தியாசம்! சென்னையில் இது சுமார் ஒன்றரை மணி நேரம். கமெலியாவின் சொந்த ஊர்களில் ஒன்றான ஜப்பானின் தோக்கியோவில் ஏறத்தாழ 5 மணி நேரம். கோடையில் பதினான்கரை மணி நேரப் பகலைப் பார்த்துப் பழகிய செடிக்கு நம் ஊரில் கிடைப்பது ஆண்டு முழுவதும் பன்னிரண்டு. வெப்பம் போதுமானதாக இருப்பதால் சில மொட்டுகள் வரும். தோக்கியோவில் வருவதுபோல் கிளைகொள்ளாமல் வராது.

அடுத்து வெப்பம். ஜொகூர் பாருவில் பகல் 32 பாகை செல்சியஸ், இரவு 24 பாகை என்று வைத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் ஓரிரு பாகை இறங்கும், அவ்வளவுதான். மொட்டைத் திறக்கும் குளிர், இரவில் பத்துப் பாகையை ஒட்டிய குளிர். பதினான்கு பாகை இடைவெளி. அதை எங்கே போய் வாங்குவது?

மலையில் வாங்கலாம். நூறு மீட்டர் ஏறினால் காற்று சுமார் 0.65 பாகை குளிரும். ஜொகூரின் உச்சி குனோங் லேடாங், 1,276 மீட்டர். 12.76-ஐ 0.65-ஆல் பெருக்கினால் 8.3. ஆக, லேடாங் உச்சியில் பகல் சுமார் 24, இரவு சுமார் 16. இன்னும் ஆறு பாகை இறங்க வேண்டும். ஜொகூர் மாநிலத்தின் மிக உயர்ந்த இடத்துக்குக் கமெலியாத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினாலும் பத்துப் பாகை இரவு கிடைக்காது என்பது இந்தக் கணக்கின் தீர்ப்பு. கேமரன் மலையில் 1,440 மீட்டரில் இருக்கும் தானா ராத்தாவுக்குப் போனால் இரவு பதினான்கரை. 2,240 மீட்டரில் உள்ள ஊட்டிக்குப் போனால், அதே பெருக்கலில், 24-லிருந்து 14.6 கழிந்து ஒன்பதரை. அதோடு ஊட்டி பதினொன்றரைப் பாகை வடக்கே இருப்பதால் ஜனவரி இரவுகள் இந்தக் கணக்கைவிடவும் குளிரும். நீலகிரித் தோட்டங்களில் கமெலியா பூப்பதும் நம் தாமான் குடியிருப்பில் பூக்காததும் தோட்டக்காரர் கைராசியால் அல்ல, இதனால்தான்.

தொட்டியில் ஐஸ் கட்டி வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். குளிரை உணர வேண்டியது கிளை நுனியில் இருக்கும் மொட்டு. வேருக்கு ஐஸ் வைப்பது, தலைவலிக்குக் காலில் தைலம் தேய்ப்பதற்குச் சமம். குளிரூட்டிய அறைக்குள் தூக்கிவைத்தால் வெளிச்சம் குறைந்து, காற்று வறண்டு, இருக்கிற மொட்டும் உதிரும்.

கலப்பினம் தீர்த்த எதிர்ச் சிக்கல்

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், கேர்ஹேய்ஸ் என்ற மாளிகைத் தோட்டத்தில், ஜான் சார்லஸ் வில்லியம்ஸ் என்பவர் நம்முடையதற்கு நேர் எதிரான சிக்கலில் இருந்தார். அவருக்குக் குளிருக்குப் பஞ்சமில்லை, கோடைதான் போதவில்லை. மங்கிய, குளிர்ந்த ஆங்கிலக் கோடையில் ஜப்பானிகா தேவையான அளவு மொட்டே வைக்காது.

ஜார்ஜ் ஃபாரஸ்ட் என்ற தாவர வேட்டைக்காரர் சீனாவின் யூனான் மலைகளிலிருந்து அனுப்பிய விதைகளில் இன்னொரு கமெலியா இருந்தது. பர்மாத் தமிழர்களுக்குத் தெரிந்த சால்வீன் ஆற்றின் பெயரால் அதற்கு சாலுவெனென்சிஸ் என்று பெயர். குறைந்த வெப்பத்திலும் அது மொட்டு வைக்கும். 1920-களில் வில்லியம்ஸ் அதன் பூவில் ஜப்பானிகாவின் மகரந்தத்தைச் சேர்த்தார். பிறந்த பிள்ளைகளுக்கு இன்று கமெலியா வில்லியம்சி என்று பெயர். தாயிடமிருந்து குறைந்த கோடையில் மொட்டு வைக்கும் பழக்கம், தந்தையிடமிருந்து பெரிய பூவும் பளபளப்பு இலையும். இன்னொரு நல்ல குணமும் வந்து சேர்ந்தது: ஜப்பானிகாவின் பூ வாடிய பிறகும் கிளையிலேயே பழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும், வில்லியம்சி பூ தானாக உதிரும். அக்கம்பக்கம் முன் மானம் காக்கும் செடி.

'கலப்பினம்' என்றால் இரண்டு இனங்களைக் குழைத்த கலவை என்று நினைத்துக்கொள்கிறோம். கமெலியாவைப் பொறுத்தவரை அது ஓர் இனத்தின் நாட்காட்டியை இன்னோர் இனத்துக்கு இரவல் கொடுப்பது. ஒரு நிபந்தனையும் உண்டு. இரவல் வாங்கியதை விதை வழியாகக் கொடுத்துவிட முடியாது. கலப்பினத்தின் விதையை முளைக்கப் போட்டால் தாத்தா பாட்டி குணமெல்லாம் சீட்டுக்கட்டைக் குலுக்கியதுபோல் கலைந்து வரும். அதனால்தான் தண்டுத்துண்டு வைத்தோ ஒட்டுக்கட்டியோ மட்டும் பெருக்குகிறார்கள்.

வில்லியம்சி வகைகள் அழகானவை. ஆனால் ஜொகூர்க்காரர் அவற்றை வாங்குவது, மழைக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வதுபோல. நமக்கு வேண்டிய இரவல் வேறு.

நாட்காட்டி பார்க்காத உறவுகள்

அந்த இரவலைத் தேடிச் சீனாவுக்குப் போவதற்கு முன், ஜொகூரிலேயே கமெலியாவுக்கு ஒரு உறவு இருப்பதைச் சொல்ல வேண்டும். மலாய்க்காரர்கள் அதை தியுப்-தியுப் என்பார்கள். புதர்க்காடுகளில் மிகச் சாதாரணமாக வளரும் சிறுமரம். நீண்ட காலம் தேயிலைக் குடும்பத்திலேயே வைத்திருந்தார்கள், இப்போது பக்கத்துக் குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூரிலும் ஜொகூர் ஆற்றங்கரைகளிலும் சீனக் குடியேறிகள் காட்டை அழித்துக் கம்பீரும் மிளகும் பயிரிட்டார்கள். வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியைப் போன்ற பொருள் கம்பீர். தோல் பதனிடவும் அது வேண்டும். சில ஆண்டுகளில் மண் சாரமிழந்துவிடும், தோட்டத்தைக் கைவிட்டு அடுத்த காட்டுக்கு நகர்வார்கள். அப்படிக் கைவிடப்பட்ட, புளித்த, சத்தற்ற மண்ணில் துணிந்து முளைத்த மரங்களில் முதன்மையானது இந்தத் தியுப்-தியுப். ஆண்டு முழுவதும் பூக்கும், ஆண்டு முழுவதும் காய்க்கும். வௌவால்களுக்கு அதன் பழம் பிடிக்கும். குளிரே வராத இடத்தில் குளிருக்குக் காத்திருக்கும் மரம் பிழைத்திருக்காது.

கமெலியா இனத்துக்குள்ளேயே அப்படி ஒன்று இருக்கக்கூடாதா? இருந்தது. 1980-களில் சீனாவின் குவாங்டோங் மாநிலத்தின் யாங்சுன் பகுதியில் தாவரவியலாளர்கள் ஒரு கமெலியாவை அடையாளம் கண்டார்கள். அசேலியாச் செடியைப் போன்ற இலை என்பதால் கமெலியா அசேலியா. காட்டில் மிக அரிது. ஆனால் அது செய்யும் காரியம் மற்ற கமெலியாக்களைத் தலைகுனிய வைக்கும்: நட்ட நடுக் கோடையில் சிவப்பாகப் பூக்கும், மாதக்கணக்கில் பூக்கும். பூமொட்டைத் திறக்க அதற்குக் குளிர் வேண்டியதில்லை.

குவாங்டோங் மாநிலத்து வளர்ப்பாளர்கள் இதையும் ஜப்பானிகாவையும் மற்றவற்றையும் கலந்து, கோடையில் பூக்கும் கலப்பினங்களை நூற்றுக்கும் மேலாக உருவாக்கிவிட்டார்கள். அந்த மாநிலத்தின் ஜூலை மாதம் கிட்டத்தட்ட நம் வழக்கமான நாள்தான். ஜொகூரில் கமெலியாமீது பந்தயம் கட்டச் சொன்னால் நான் இந்த வழியில் வந்த பிள்ளைகள்மீது மட்டும் கட்டுவேன்.

மண் கைகொடுக்கும், சிமெண்டு கெடுக்கும்

காற்றில் தோற்ற கமெலியா ஜொகூரின் மண்ணில் ஜெயிக்கிறது. நம் செம்மண் இயல்பிலேயே புளிப்பு, அதாவது அமிலத்தன்மை உள்ளது. அப்படிப்பட்ட மண்ணில் அலுமினியம் கரைந்து பல பயிர்களின் வேரைக் கருக்கிவிடும். தேயிலையும் கமெலியாவும் அந்த அலுமினியத்தை உறிஞ்சி முதிர்ந்த இலைகளில் பூட்டிவைக்கும் வித்தை தெரிந்தவை. முதிர்ந்த தேயிலையின் உலர் எடையில் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல்கூட அலுமினியம் இருக்கலாம். அடுத்தவருக்கு விஷமான மண் இவர்களுக்கு வீடு.

ஆனால் புதிய தாமான் வீட்டின் முன் இருப்பது பெரும்பாலும் அந்த மண் அல்ல. கட்டடம் கட்டி மிஞ்சிய சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த நிரப்பு மண். சுண்ணாம்பு புளிப்பைத் தணிக்கும். புளிப்பு தணிந்தால் மண்ணிலுள்ள இரும்பு கரையாமல் கட்டிக்கொள்ளும். நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இலை வெளுக்கத் தொடங்கும். பலர் அப்போது உரம் போடுகிறார்கள். பசி அல்ல அது, வாய்ப்பூட்டு. சாம்பலும் முட்டை ஓடும் போட்டால் பூட்டு இன்னும் இறுகும்.

எனவே தொட்டியே நல்லது. மரப்பட்டைத் துண்டும் தேங்காய் நார்த்தூளும் பெரும்பங்கு, கொஞ்சம் செம்மண், அடியில் தாராளமான துளைகள். செடியை ஆழமாகப் புதைக்காதீர்கள். தண்டும் வேரும் சேரும் இடம் மண்மட்டத்துக்கு ஒரு விரல் மேலே நிற்கட்டும். கமெலியாவின் வேர்கள் மேலோட்டமானவை, அவற்றுக்கு மூச்சு வேண்டும். காலை வெயில் படும் கிழக்குப் பக்கம் சரி. மாலை வெயில் வேண்டாம். மழைநீர் பிடித்து ஊற்ற முடிந்தால் ஊற்றுங்கள். குடித்து முடித்த தேயிலைத் தூளை மேலே மெல்லியதாகத் தூவலாம்.

உண்மையான எதிரி பூச்சியல்ல, வேரழுகல். ஃபைட்டோஃப்தோரா என்ற நீர்ப்பூசண வகை வெதுவெதுப்பான ஈரத்தில் கொண்டாட்டமாகப் பெருகும். ஜொகூரின் மழைக்காலம் அதற்குத் திருவிழா. ஜப்பானிகாவின் வேர் அதற்கு எளிதில் இரையாகும், சசாங்குவா என்ற இன்னொரு கமெலியாவின் வேர் நன்றாகவே தாங்கும். ஆகவே சசாங்குவா வேரின்மேல் ஒட்டுக்கட்டிய செடி கிடைத்தால் இரண்டு வெள்ளி கூடக் கொடுத்தாவது வாங்குங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஒரே நுனியில் மூன்று நான்கு மொட்டு நெருக்கியடித்தால் ஒன்றை விட்டு மற்றதைத் திருகி எடுத்துவிடுங்கள். கிளை வெட்டுவதானால் பூத்து முடிந்த உடனே வெட்டுங்கள். தள்ளிப்போட்டால் அடுத்த பூவைத்தான் வெட்டுவீர்கள்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அப்ப அடுத்த தடவ கடையில என்ன கேட்டு வாங்குறது?" நீங்களும் அதையே கேளுங்கள். பூவின் நிறத்தைக் கேட்காதீர்கள். "இது கோடையில் பூக்குமா, தாய் தகப்பன் யார், ஒட்டுச்செடியா?" என்று கேளுங்கள். கடைக்காரருக்குப் பதில் தெரியவில்லை என்றால், புத்தாண்டுக்குப் பூங்கொத்து வாங்குகிறோம் என்ற கணக்கில் காசைக் கொடுங்கள்.